தீயணைப்பும் ஆம்புலன்ஸும் ஒரே தலைமையில்: எங்கே இடறுகிறது?

தீயணைப்புத் துறையையும் ஆம்புலன்ஸ் சேவையையும் ஒரே சீஃபின் (தலைமை அதிகாரியின்) கீழ் கொண்டுவர மாநகராட்சிக்கு ஒரு உத்தரவு போதும். நியூயார்க்கில் 1996 மார்ச் 17 அன்று, அதுவரை மாநகர மருத்துவமனைக் கழகத்தின் கையில் இருந்த ஆம்புலன்ஸ்கள் தீயணைப்புத் துறைக்கு வந்தன. அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோவில் பொதுச் சுகாதாரத் துறையின் பாராமெடிக்குகள், அதாவது ஆம்புலன்ஸில் உயர்நிலை அவசரச் சிகிச்சை தரும் ஊழியர்கள், தீயணைப்புத் துறைக்கு மாற்றப்பட்டார்கள். இந்த இணைப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கு சரியானதுதான். தீயணைப்பு நிலையங்கள் ஊரெங்கும் இருக்கின்றன. முதல் வண்டி 4 நிமிடப் பயணத்தில், பாராமெடிக் 8 நிமிடத்தில், அதுவும் 90 சதவீத அழைப்புகளில் சேர வேண்டும் என்கிறது அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் (என்எஃப்பிஏ) வகுத்த 1710 தரவிதி. நின்ற இதயத்தை மின்னதிர்ச்சி தந்து இயக்கும் டிஃபிப்ரிலேட்டர் ஏற்றிய தீயணைப்பு வண்டி இல்லாமல் அந்த 4 நிமிடம் பெரும்பாலான நகரங்களில் கைகூடாது.

சிக்கல் சீஃபுக்கு அடுத்த படியில் ஆரம்பிக்கிறது. நோயாளிக்கு என்ன மருந்து, எந்த மருத்துவமனை, எந்த ஊழியர் தனியாகச் சிகிச்சை தரலாம் என்பதெல்லாம் மெடிக்கல் டைரக்டரான டாக்டரின் பொறுப்பு. சீருடைப் படிநிலையில் அவருக்கு இடமில்லை என்றால் அவர் சொல் ஆலோசனையோடு நின்றுவிடும்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 2006 ஜனவரியில் வழிப்பறியில் தலையில் அடிபட்டு நடைபாதையில் கிடந்த பத்திரிகையாளர் டேவிட் ரோசன்பாமை, வந்த குழுவினர் குடிபோதை என்று முடிவுகட்டிவிட்டார்கள். முதலில் வந்தவர்களின் அந்த முடிவு அப்படியே ஆம்புலன்ஸ் குழுவுக்குக் கைமாறியது, தலைக்காயம் சரியாகப் பரிசோதிக்கப்படவில்லை, அருகிலிருந்த மருத்துவமனையைத் தாண்டி வண்டி போனது. இரண்டு நாளில் அவர் இறந்தார். குடும்பம் நஷ்டஈட்டு வழக்கைக் கைவிட்டு, துறையைச் சீர்திருத்தக் குழு அமைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டது. அந்தக் குழு 2007-ல் துறைகளைப் பிரிக்கச் சொல்லவில்லை. இன்னும் முழுமையாக இணைக்கவும், மெடிக்கல் டைரக்டரின் பதவியை உயர்த்தவும் சொன்னது. ஆனாலும் 2016-ல் அங்கே மெடிக்கல் டைரக்டராக இருந்த டாக்டர் ஜூலெட் சாஸி, துறையின் போக்கைக் கடுமையாகச் சாடிவிட்டு விலகினார். பதவி உயர்வு மட்டும் போதாது. தகுதி தேறாத ஊழியரை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும் அதிகாரம் டாக்டருக்கு எழுத்தில் இருக்க வேண்டும், அதில் சீஃபின் கையெழுத்தும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது வேலை நேரம். தீயணைப்பு வீரருக்குக் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனிச் சலுகைக் கணக்கு உண்டு: 28 நாளில் 212 மணிக்கு மேல்தான் ஓவர்டைம். மற்றவர்களுக்கு வாரம் 40, அதாவது 28 நாளில் 160. நெருப்பை அணைக்கும் பயிற்சியும் பொறுப்பும் இல்லாத பாராமெடிக்கை, ஒரே துறைதானே என்று 212-ல் சேர்த்தால் நபருக்கு 52 மணி வரை ஓவர்டைம் பாக்கி நிற்கும். பிலடெல்பியாவில் பாராமெடிக்குகள் வழக்குப் போட்டார்கள். 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இணைப்புக்கு முன்பே ஒவ்வொரு பதவியின் பணி விவரத்தையும் வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது.

24 மணி ஷிஃப்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் கொண்டுபோகக் கூடாது. 10 ஆம்புலன்ஸ் நாள் முழுக்க ஓடினால் 240 வண்டி மணி. அன்று 96 பேரை ஏற்றியிருந்தால் 96-ஐ 240-ஆல் வகுக்க 0.40 வரும், அதாவது ஒரு வண்டி மணிக்கு 0.40 நோயாளி. ஒரு நோயாளிக்கு ஒரு மணி என்றாலே ஒரு குழுவுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் போய்விடும். பாதியில் ரத்தான அழைப்பு, அறிக்கை எழுதுவது, மருந்துப் பெட்டியை நிரப்புவது எல்லாம் இதற்கு மேல். நள்ளிரவு 3 மணிக்கு மருந்தின் அளவைக் கணக்கிடுபவர் தூங்கியே இருக்கமாட்டார். இந்த எண் 0.30-ஐத் தாண்டினால் 12 மணி ஷிஃப்டுக்கு மாற வேண்டும். யூனியன் எதிர்க்கும், ஏனென்றால் வீட்டிலிருந்து தொலைவில் வேலைபார்ப்பவர்களுக்கு 24 மணி ஷிஃப்டே வசதி. அந்தப் பேச்சுவார்த்தையை இணைப்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

நியூயார்க்கில் இன்றும் தீராத விஷயம் ஊதிய ஏணி. அங்கே ஆம்புலன்ஸ் ஊழியர் தீயணைப்பு வீரராவதே பதவி உயர்வு, சம்பளமும் கூடுதல். பயிற்சி முடித்து, தெருக்களைப் பழகி, கை தேர்ந்த நேரத்தில் ஆள் அந்தப் பக்கம் போய்விடுகிறார். ஆம்புலன்ஸில் எப்போதும் புதியவர்கள். லெஃப்டினென்ட், கேப்டன், துணைச் சீஃப் என்று மருத்துவப் பக்கத்திலேயே ஏறிப்போக வழியும், அதே படியில் இருக்கும் தீயணைப்பு அதிகாரிக்கு நிகரான சம்பளமும் தந்தால்தான் இந்தக் கசிவு நிற்கும். அந்தச் செலவை முதல் ஆண்டு பட்ஜெட்டிலேயே காட்டாத எந்த இணைப்புத் திட்டத்துக்கும் மாமன்றம் ஒப்புதல் தரக் கூடாது.