அறுப்பதற்கு முன் ஃபார்ம் 1: அமெரிக்காவில் குட்டைக் குழல் ஷாட்கனை முறைப்படி பதிவு செய்வது

குழல் 18 அங்குலம், முழுத் துப்பாக்கி 26 அங்குலம். அமெரிக்காவில் ஷாட்கனைக் குறைக்க நினைப்பவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியவை இந்த இரண்டு எண்கள்தாம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் போதும், கையில் இருப்பது சாதாரண ஷாட்கன் இல்லை. 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வந்துவிட்ட குட்டைக் குழல் ஷாட்கன், புழக்கத்தில் எஸ்பிஎஸ். கூட்டாட்சிச் சட்டம் அதை வைத்திருக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அனுமதி வாங்காமல் செய்யக் கூடாது, பதிவில் இல்லாததை வைத்திருக்கக் கூடாது என்கிறது. அனுமதி கேட்கும் விண்ணப்பமான ஃபார்ம் 1 ஒப்புதலாகி வந்த மறுநாள் அறுத்தால் அது முறையான வேலை. அதையே ஒப்புதலுக்கு முந்தின நாள் செய்தால் 10 ஆண்டு வரை சிறை, துப்பாக்கியும் பறிமுதல். அறுத்த பிறகு விண்ணப்பித்துச் சரிக்கட்டிக்கொள்ள வழியே கிடையாது.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பவர்கள் உண்டு. 1934இல் சட்ட முன்வரைவு கைத்துப்பாக்கிகளையும் சேர்த்தே எழுதப்பட்டது. நீளத் துப்பாக்கியை அறுத்துக் கைத்துப்பாக்கி போலாக்கித் தப்பிக்கக் கூடாது என்பதற்காகக் குழல் அளவு வைத்தார்கள். கடைசியில் கைத்துப்பாக்கிகள் வெளியே போய்விட்டன, அவற்றுக்குப் போட்ட வேலி மட்டும் நின்றுவிட்டது. ரைஃபிளுக்கு 1960இல் 16 அங்குலமாகக் குறைத்தார்கள். ஷாட்கனுக்கு 18 அப்படியே இருக்கிறது. 1939இல் உச்ச நீதிமன்றம் வரை போன மில்லர் வழக்கும் ஒக்லஹோமாவிலிருந்து ஆர்கன்சாவுக்குக் கொண்டுபோன, பதிவு செய்யாத ஒரு ஸ்டீவன்ஸ் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றியதுதான்.

அளக்கும் முறையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் நகரும் பாகத்தை, முழுக்க மூடுங்கள். குழல் வாய் வழியே ஒரு மரக்குச்சியை விட்டு, அது போல்ட்டின் முகத்தில் முட்டி நிற்கும்போது வாய் விளிம்பில் குச்சியின் மேல் கோடு போட்டு, வெளியே எடுத்து அளக்க வேண்டும். அதுதான் குழல் நீளம். ரிசீவரின் (குழல் பொருந்தும் நடு உடல்) முன்விளிம்பிலிருந்து டேப் பிடிப்பவருக்கு உண்மையைவிடக் குறைவான எண் கிடைக்கும். அதில் சட்டச் சிக்கல் வராது. குழலைக் கழற்றி மேசையில் வைத்து அளப்பதுதான் ஆபத்து. ரெமிங்டன் 870 மாதிரியான பம்ப் துப்பாக்கிகளில் (முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுபவை) தோட்டா உட்காரும் சேம்பருக்குப் பின்னால் குழலோடு சேர்ந்த ஒரு நீட்சி ரிசீவருக்குள் போகும். அதையும் சேர்த்து 18 என்று அளந்து அறுத்தால், மாட்டிய பிறகு குச்சி 18க்குக் கீழேதான் காட்டும்.

ரவை சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்த வாயில் திருகிக் கழற்றக்கூடிய சோக் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கணக்கில் வராது. வாயில் மாட்டும் எதுவும் கணக்கில் வரவேண்டுமானால் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும்: சுற்றிலும் வெல்டிங், 1100 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பத்தில் உருகும் வெள்ளிப் பற்று, அல்லது குருட்டு ஊசி அடித்து அதன் தலைமேல் வெல்டிங். மொத்த நீளத்தைக் குழலின் அச்சுக்கு இணையாக, வாயிலிருந்து ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் பின்கட்டை) கடைசிப் புள்ளி வரை அளப்பார்கள். மடிக்கும் ஸ்டாக் என்றால் விரித்த நிலையில்.

பதிவு எல்லைக்கு வெளியிலேயே இருக்க நினைப்பவருக்கு எங்கள் யோசனை 18.5. கம்பெனிகளும் பெரும்பாலும் அந்த அளவில்தான் விற்கின்றன. ரம்பத்தின் அகலம் கொஞ்சம் தின்னும், வாயைச் சமன் செய்யும் அரம் இன்னும் கொஞ்சம் தின்னும். 17.9 என்று வந்துவிட்டால் அதைத் திருப்பி ஒட்ட முடியாது.

இனி, உண்மையிலேயே குட்டையாக வேண்டும் என்பவர்களுக்கு. முதலில் மாநிலச் சட்டம். கூட்டாட்சி அனுமதிக்கிறது என்பதற்காக மாநிலமும் அனுமதிக்கும் என்றில்லை. கலிஃபோர்னியாவில் சாதாரணக் குடிமகனுக்கு இது குற்றம். மாநிலச் சட்டத்தை மீறும் விண்ணப்பத்தை, இந்தப் பதிவைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏடிஎஃப் நிராகரித்தே ஆக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அடுத்து விசா. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகத் தடை; செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்போருக்கு விதிவிலக்கு உண்டு. அதை நம்பி இந்த வேலையில் இறங்குமுன் வக்கீலிடம் போய்விடுவது நல்லது. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை.

ஃபார்ம் 1இன் முழு எண் 5320.1. ஏடிஎஃப் இணையதளத்தில் கணக்குத் திறந்து அங்கேயே நிரப்பலாம். தனிநபராகப் போடலாம், டிரஸ்ட் பெயரிலும் போடலாம். தனிநபர் என்றால் பதிவில் பெயர் உள்ளவர் மட்டுமே துப்பாக்கியை வைத்திருக்கலாம். அவர் ஊரில் இல்லாதபோது பெட்டிச் சாவி மனைவியிடம் இருந்தால் அதுவே கேள்விக்குரியதாகும். டிரஸ்ட்டில் அந்தத் தொல்லை குறைவு, காகிதம் அதிகம். 2016 ஜூலை 13 முதல் டிரஸ்ட்டின் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் 5320.23 படிவம், புகைப்படம், கைரேகை கொடுத்தாக வேண்டும். அந்த ஊர்க் காவல் தலைமை அதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்ப வேண்டும். முன்பு அவர் கையெழுத்து வேண்டியிருந்தது, இப்போது தகவலுக்கு மட்டும்.

துப்பாக்கி விவரப் பகுதியில் அவசரப்படாதீர்கள். தயாரிப்பாளர் என்ற இடத்தில் ரிசீவரில் பொறித்திருக்கும் கம்பெனியின் பெயரைத்தான் தர வேண்டும். இறக்குமதித் துப்பாக்கியில் இரண்டு பெயர்கள் இருக்கும். இறக்குமதியாளர் பெயரைத் தயாரிப்பாளர் என்று போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தொடர் எண்ணை ரிசீவரைப் பார்த்து எழுதுங்கள், கடை ரசீதைப் பார்த்து வேண்டாம். குழல் நீளம், மொத்த நீளம் இரண்டும் இப்போது இருக்கும் அளவு இல்லை, வேலை முடிந்த பின் இருக்கப்போகும் அளவு. அதனால் 14 அங்குலமா 12.5ஆ, எந்த ஸ்டாக் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். எதற்காகச் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு ‘சட்டப்படியான எல்லா உபயோகங்களுக்கும்’ என்ற ஒரு வரி போதும்.

புகைப்படம் 2க்கு 2 அங்குலம். கைரேகை எஃப்டி-258 அட்டையில், இரண்டு அட்டைகள். மை வழிந்த ரேகையைத் திருப்பி அனுப்பினால் காத்திருப்பு நீளும். கை வியர்க்கிறவர்கள் துடைத்துக்கொண்டு நிதானமாக வைக்கட்டும். வரி 1934 முதல் 200 டாலராகவே இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் குட்டைக் குழல் ஷாட்கனுக்கு அது பூஜ்யம். வரி போனதால் விண்ணப்பமும் போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். போகவில்லை. விண்ணப்பம், ரேகை, ஒப்புதல், பதிவு எல்லாம் அப்படியே இருக்கின்றன.

காத்திருக்கும் நாட்களில் குட்டைக் குழலை வாங்கி வீட்டில் வைத்திருக்கலாமா? வேண்டாம். பொருந்தும் ஷாட்கனும் குட்டைக் குழலும் ஒரே வீட்டில் இருந்து, அந்தக் குழலுக்குச் சட்டப்படியான வேறு உபயோகம் எதுவும் இல்லையென்றால், மாட்டாமலே வைத்திருந்தாலும் வழக்குக்கு இடம் உண்டு. ஒப்புதல் கையில் வந்த பிறகு ஆர்டர் செய்யுங்கள். ஆர்டர் செய்யும்போது பொருத்தம் பாருங்கள்: மாஸ்பர்க் 500இன் குழலும் 590இன் குழலும் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாயின் முனையில் பிடிக்கும் விதம் வேறு, ஒன்றுக்கொன்று மாற்ற முடியாது.

ஒப்புதல் வந்ததும் முதல் வேலை பொறிப்பு. செய்தவர் என்ற முறையில் உங்கள் பெயர் அல்லது டிரஸ்ட் பெயர், ஊர், மாநிலம் மூன்றும் துப்பாக்கியில் இருக்க வேண்டும். ஆழம் குறைந்தது 0.003 அங்குலம். தொடர் எண்ணுக்கு எழுத்து உயரம் 1/16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கம்பெனியின் எண் ஏற்கெனவே இருப்பதால் அதையே வைத்துக்கொள்ளலாம். குழலில் பொறிக்கவும் விதி இடம் தருகிறது, ஆனால் குழல் மாற்றினால் பொறிப்பும் போய்விடும். ரிசீவரே மேல். லேசர் கடைகளில் ஆழத்தைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மேல்பூச்சை மட்டும் எரித்துவிட்டு, படிக்க அழகாக இருக்கிறது என்று கொடுத்துவிடுவார்கள்.

அறுப்பது என்றால் சோக்கின் மரையும் குறிபார்க்க வாயருகே இருக்கும் முன்குறி மணியும் அறுபட்ட துண்டோடு போய்விடும். மிச்சம் இருப்பது சோக் இல்லாத வெறும் குழல். வேலை தெரிந்த கன்ஸ்மித் (துப்பாக்கி வேலைக்காரர்) மணியைத் திரும்ப வைத்துக் கொடுப்பார். வாயுவில் இயங்கும் தானியங்கிகளில் குழலைக் குறைத்தால் வாயு அழுத்தம் நிற்கும் நேரம் குறையும், லேசான தோட்டாக்களில் காலி உறை வெளியே வராமல் சிக்கும். பம்ப் துப்பாக்கிக்கு அந்தக் கவலை இல்லை. மேகசின் குழாய் மட்டும் குழல் வாயைத் தாண்டக் கூடாது.

கடையில் 14 அங்குலக் குழலோடு மாஸ்பர்க் ஷாக்வேவ் எந்த எஸ்பிஎஸ் பதிவும் இல்லாமல் விற்கிறதே என்ற கேள்வி வராமல் இருக்காது. தொழிற்சாலையிலிருந்து ஸ்டாக் இல்லாமலே வந்ததால் சட்டத்தின் கண்ணில் அது ஷாட்கனே இல்லை, வெறும் ‘துப்பாக்கி’; மொத்த நீளமும் 26ஐத் தாண்டுகிறது. அதில் தோளில் வைக்கும் ஸ்டாக்கை மாட்டிய நிமிடமே எஸ்பிஎஸ். கைப்பிடியைச் சின்னதாக மாற்றி 26க்குக் கீழே இறக்கினாலும் வேறொரு பதிவுப் பிரிவில் விழும். ஸ்டாக்கோடு வந்த பழைய ஷாட்கனில் அதே கைப்பிடியையும் அதே 14 அங்குலக் குழலையும் போட்டால் ஷாக்வேவ் ஆகாது. ஷாட்கனாகப் பிறந்தது ஷாட்கன்தான்.

மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோக 5320.20 படிவத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும், வார இறுதிப் பயணமாக இருந்தாலும். போகும் மாநிலத்தில் தடை இருந்தால் அந்த அனுமதி உதவாது. அப்படி ஒரு மாநிலத்துக்கே குடிபெயர்கிறவர் நீளக் குழலைத் திரும்ப மாட்டி, குட்டைக் குழலை விற்றுவிட்டு அல்லது அழித்துவிட்டு, பதிவிலிருந்து நீக்கும்படி ஏடிஎஃப்புக்கு எழுதிப் போட்டு, அந்தக் கடிதத்தின் நகலையும் வைத்துக்கொள்ளட்டும். பழைய குழலையே அறுத்தவரிடம் திரும்ப மாட்ட அந்த நீளக் குழல் இருக்காது. கழற்றி மாட்டும் வகை என்றால் பழைய நீளக் குழலை விற்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.