ஆமென் சொல்லும் வேலை

எங்கள் சபையின் கன்வென்ஷன் கூட்டங்கள் முடிந்து ஐந்தாவது மாதம் அந்த அம்மா குருமனைக்கு, சபைப் போதகரான என் வீட்டுக்கு, வந்தார்கள். கையில் ஒரு டைரி. தேதி போட்டு, 'மூன்று மாதத்துக்குள் மகனுக்கு அரசு வேலை' என்று எழுதியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த தீர்க்கதரிசி, கூட்டத்தில் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி உரைத்த வாக்கு அது. மகன் குரூப் 4 எழுதினான், தேறவில்லை. "எனக்கு விசுவாசம் பத்தலையோ ஐயா?" என்று கேட்டார்கள்.

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அன்று மேடையில் அந்தத் தீர்க்கதரிசிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவன் நான். மைக்கில் விழும்படி 'ஆமென்' போட்டவனும் நான்தான்.

வேதாகமத்தில் வரும் தீர்க்கதரிசி எரேமியாவும் ஒருமுறை இப்படி ஆமென் சொன்னார். கி.மு. 594 வாக்கில், எருசலேம் ஆலயத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோன் கொண்டுபோன ஆலயப் பாத்திரங்களும் சிறைப்பட்ட ராஜாவும் இரண்டே வருடத்தில் திரும்பி வருவார்கள் என்றான். எரேமியாவோ, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் மர நுகத்தோடு நின்றவர். 'ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக' என்றார். ஆசை அவருக்கும் இருந்திருக்கும். ஆனால் அதோடு விடவில்லை. சமாதானம் சொல்லுகிற தீர்க்கதரிசியை அவன் வார்த்தை நிறைவேறும்போதுதான் அறிய முடியும் என்றும் சேர்த்துச் சொன்னார். நான் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

"குறை உங்க விசுவாசத்துல இல்லம்மா, ஆமென் போட்ட எங்கிட்டதான்" என்றேன். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை.

மதுரை அரசரடியில் இறையியல் படித்தபோது 'டிடாக்கே' என்ற ஆதித் திருச்சபை நூலைப் புரட்டியிருக்கிறேன். ஊர் ஊராக வரும் ஊழியர் மூன்று நாள் தங்கினாலோ, புறப்படும்போது பணம் கேட்டாலோ பொய்த் தீர்க்கதரிசி என்கிறது அது. (எங்கள் கன்வென்ஷனே மூன்று இரவு!) அப்போஸ்தலன் பவுல் இன்னும் எளிமையாகச் சொல்கிறார்: இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும், அதாவது சொன்னதைச் சீர்தூக்கிப் பார்க்கட்டும். இந்த நிதானிக்கிற வேலைதான் எங்களைப் போன்ற சேகரகுருமாருக்கு உரியது. நன்றாகக் கூட்டம் சேர்கிற இரவில் அது மறந்துபோகிறது.

அதே வருடம் ஆலயத்துக்கு முன்மண்டபம் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிறு எரேமியா 22-ஆம் அதிகாரத்தில் பிரசங்கம். யோயாக்கீம் ராஜா அரண்மனை கட்டுகிறான். கேதுரு மரப் பலகை, ஜாதிலிங்கச் சிவப்பு வருணம் எல்லாம் உண்டு, வேலை செய்தவனுக்குக் கூலி மட்டும் இல்லை. 'ஐயோ' என்கிறார் எரேமியா. நானும் அரசியல்வாதிகளை ஒரு பிடி பிடித்தேன். நல்ல பிரசங்கம் என்று நாலு பேர் கைகொடுத்தார்கள்.

அப்புறம், பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பாட்டி பின்வாசலுக்கு வந்தார்கள். "ஐயா, நம்ம மண்டபத்துல கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் மூணு வாரமாக் கூலி குடுக்கல. அந்த ராசாவ மட்டும் இம்புட்டு ஏசுதீய?"

அங்கி போட்டபடியே நின்றேன்.

அன்று சாயங்காலமே கமிட்டியைக் கூட்டினேன். காண்ட்ராக்டர் பொறுப்பு, நமக்கென்ன என்றார் ஒருவர். எங்களிடமிருந்து அவருக்குப் போகவேண்டிய தவணை நின்றுபோனதைப் பொருளாளர் மெதுவாகச் சொன்னார். கையில் இருந்தது கல்வெட்டுக்கு ஒதுக்கிய பணம்தான். கறுப்பு கிரானைட்டில் கமிட்டிக்காரர்கள் பெயரெல்லாம் வெட்டுவதற்கு, என் பெயர் முதலில். அதைக் கொடுக்கலாம் என்றதும் கொஞ்சம் சத்தம் எழுந்தது. சனிக்கிழமை கூலி பட்டுவாடா ஆனது. கல்வெட்டு இன்றுவரை வைக்கவில்லை. சுவரில் அதற்கு விட்ட சதுரம் பூசாமலே கிடக்கிறது.

இத்தனை வருட ஊழியத்தில் எனக்கென்று வந்த தீர்க்கதரிசனமாக நான் நினைப்பது பின்வாசலில் கேட்ட அந்த ஒரு வரியைத்தான். அடுத்த வாரம் பாட்டியிடமே சொன்னேன்: "நீங்க பேசினது தீர்க்கதரிசனம் பாட்டி."

பாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல ஐயா. எம் மருமவளும் அங்கதான சட்டி சொமந்தா."