2^67 − 1: எக்செல்லில் போடாதீங்க

சேலத்துல ஐந்து ரோடு, நாலு ரோடு பக்கம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போற பிள்ளைங்களுக்கு.

2^67 − 1 = 147573952589676412927. இது பகா எண் என்று 1644-இல் கணிதர் மெர்சென் சொன்னார். இல்லை என்று 1876-இல் இன்னொரு கணிதர் லூக்கா நிரூபித்தார், ஆனால் காரணியைக் காட்டவில்லை. 1903-இல் கோல் என்ற கணிதர் காட்டினார்: 193707721 × 761838257287.

எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். மிச்சம் ஆறும் பூஜ்யமாகிவிடும், எச்சரிக்கைகூட வராது. பைத்தானில் போடுங்க, முழு எண் அப்படியே நிற்கும்.

எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்ப்பது வீண் வேலை. இதன் பகாக் காரணி எதுவும் q = 134k + 1 வடிவில்தான் இருக்கும் (k முழு எண்). அந்த q-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. அதனால் k-ஐ 4-ஆல் வகுத்து மீதி 0 அல்லது 1 வருவதை மட்டும் சோதித்தால் போதும், பாதி வேலை குறையும். சின்னக் காரணி k = 1445580-இல் சிக்கும். பைத்தானில் pow(2, 67, q) என்று கேளுங்க, 2^67-ஐ q-ஆல் வகுத்த மீதி வரும். 1 வந்தால் q காரணி.

கையால் பெருக்கினால் இலக்கக் கூட்டல் சோதனையை (இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுத்த மீதியை ஒப்பிடுவது) மட்டும் நம்பாதீங்க. இரண்டு இலக்கம் இடம் மாறினால் அதற்குத் தெரியாது. 11-ஆல் வகுத்த மீதியையும் பாருங்க: காரணிகளுக்கு 9, 8. பெருக்கினால் 72, மீதி 6. பெரிய எண்ணுக்கும் 6 வரணும்.