திரை இழுத்தவள்

டீச்சர் போய்விட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது மெல்பேர்னில் இரவு பதினொரு மணி. எந்த டீச்சர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பள்ளிக்கூடத்துக் கஞ்சிப்புரை வாசலில் வேப்பங்கம்போடு நின்றவர் என்றாலே 1970களில் படித்த எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே சுரீர் என்கும். "நீங்கதானே அவங்க செல்லப்பிள்ளை, நீங்களே எழுதுங்க" என்றார்கள் பள்ளி நினைவு மலர்க் குழுவினர். செல்லப்பிள்ளைதான். ஆனது எப்படி என்பதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

டீச்சருக்கு நாடகம் என்றால் உயிர், சினிமா என்றால் ஆகாது. "அகஸ்தீஸ்வரத்துல ஒருத்தரு சொத்தெல்லாம் வித்து சினிமா பிடிச்சாரு. இப்ப எப்படி இருக்காருன்னு போய்ப் பாருங்க மக்களே" என்பார். பஸ்ஸில் கால்மணி நேரம்தான். ஒருவரும் போகவில்லை. அவர்தான் ஜே.சி. டேனியல், மலையாளத்தின் முதல் படத்தை எடுத்தவர் என்று எனக்குத் தெரிய வந்தது வெகுகாலம் கழித்து. 1956இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் கேரளத்துக்கு அவர் வெளியூர்க்காரர், தமிழ்நாட்டுக்கு அவர் எடுத்தது வேற்று மொழிப் படம். நான் பத்தாவது பரீட்சை எழுதிய 1975 ஏப்ரலில் அகஸ்தீஸ்வரத்திலேயே இறந்துபோனார். கேரளம் அவர் பெயரில் விருது கொடுக்கத் தொடங்கியது 1992இல்.

அந்தப் படத்தில் நடித்த பெண்ணைப் பற்றி டீச்சர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அதற்கு முந்தைய வருடம், 1974 ஆண்டு விழா. டீச்சரே எழுதிய நாடகம், வேணாட்டு ராணி கதை. ராணி வேஷம் என் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு. பேரை எழுதவில்லை, உங்களில் பலருக்குத் தெரியும். காலனியிலிருந்து நடந்து வருவாள். அவள் வாயைத் திறந்தால் மருந்துவாழ்மலையில் முட்டித் திரும்பும் குரல். டீச்சர் அவளுக்கென்றே வசனத்தை மாற்றி மாற்றி எழுதினார். நான் தோழி. எனக்கு இரண்டு வரி, ஒரு விசிறி.

மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் வெள்ளை வேட்டிக்காரர்கள் நாலு பேர் வந்து தலைமையாசிரியர் அறையில் பேசிவிட்டுப் போனார்கள். சாயங்காலம் டீச்சர் ஜிகினா கிரீடத்தை என் தலையில் வைத்தார். "காணாப்பாடமா தெரியுமில்லா ஒனக்கு?" என்று கேட்டார். தெரியும் என்றேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குத் திரை இழுக்கும் வேலை. கயிறு கொஞ்சம் இறுகும், பார்த்து இழு என்று டீச்சர் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குப் பரிசு கிடைத்தது, எவர்சில்வர் டம்ளர். குவைத்துக்கும் வந்தது, இங்கேயும் வந்தது. இன்னும் பளபளப்பு போகவில்லை, சவம்.

2023 பிப்ரவரி 10 அன்று என் மகள் போனை நீட்டினாள். "அம்மா, இது உங்க ஊரா?" கூகுள் முகப்பில் ஒரு பெண்ணின் படம், பி.கே. ரோஸி. திருவனந்தபுரத்துக்காரி. புல்லறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்தில் ஆடியவர், புலையர் குலம். டேனியல் தன் ஊமைப்படத்தில் அவரை சரோஜினி என்ற நாயர் பெண்ணாக நடிக்க வைத்தார். கேபிடல் தியேட்டரில் படத்தைத் திரையிட்டபோது, நாயகன் அவர் தலைப்பூவை முத்தமிடும் காட்சியில் திரையின் மேல் கல் விழுந்தது. பிறகு வீட்டுக்குத் தீ. தப்பி ஓடி ஒரு லாரியில் ஏறினார். ஓட்டிவந்த கேசவ பிள்ளையையே கல்யாணம் செய்துகொண்டு ராஜம்மாளாகக் காலத்தைக் கழித்தார். எங்கே? நம் நாகர்கோவிலில். ஒரே படம்தான். அதன் சுருளும் இன்று இல்லை.

எனக்கு டம்ளர் ஞாபகம்தான் வந்தது.

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நர்சிங் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டியவர் அவர்தான். ரயிலடிக்கு மட்டிப்பழச் சீப்போடு வந்து வழியனுப்பியவரும் அவர்தான். ஊரை விட்டுப் போனால்தான் உருப்படுவாய் என்றார். போனேன். உருப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு லீவிலும் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். 1974 பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கடைசியாக ஊருக்குப் போனபோது வடசேரி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தலை முழுக்க நரை, குரல் மட்டும் அப்படியே. பேரப்பிள்ளைகள், முட்டுவலி, மழை, எல்லாம் பேசினோம். அப்புறம் சட்டென்று, "மூணாவது காட்சியில ஒனக்கு ஒரு வரி விட்டுப்போச்சு. திரைக்குப் பின்னால நின்னு நான் எடுத்துக் கொடுத்தேன். ஞாபகம் இருக்கா?" என்றாள்.

அந்த வரிக்குத்தான் அன்று கைதட்டல் விழுந்தது.

"இல்லையே" என்றேன். அவளுடைய பஸ் வந்துவிட்டது.