எல்லார் முன்னாடியும் கேட்ட கேள்வி

ஹேங் ஆகிற சிஸ்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் காரணம் சொல்லிவிட முடியாது. ரேம், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், பிராசஸர் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோவது, ஹார்ட் டிஸ்க் என்று எதில் கோளாறு இருந்தாலும் திரை அப்படியே நின்றுவிடும். அதனால்தான் அன்றைக்கு ஹேங் ஆகிற சிஸ்டத்தைப் பழுது பார்க்கப் போன இடத்தில், முதலாளி காரணம் கேட்டபோது, பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும் என்று பதில் சொன்னேன்.

"வைரஸ்தானே தம்பி? இவங்க கண்ட பென் டிரைவையும் போட்டு இப்படி ஆக்கிட்டாங்க" என்றார் முதலாளி. கணக்கு எழுதும் அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தார். "கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்துட்டுத்தான் சார் சொல்ல முடியும்" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. ஹேங் ஆனபோது கீபோர்டில் 'Num Lock' கீயை அழுத்தினேன், அதன் விளக்கு மாறியது. மவுஸும் நகர்ந்தது. ஆனால் எதுவும் திறக்கவில்லை, ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியானது. படிக்க முடியாத செக்டாரை, அதாவது டேட்டா பதிந்திருக்கும் சின்னப் பகுதியை, டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும்போது இப்படி ஆகும். ரேம் கோளாறு என்றால் பெரும்பாலும் மொத்தமாக நின்றுவிடும், ரீஸ்டார்ட் செய்தால்தான் உண்டு. இதையாவது அங்கேயே சொல்லியிருக்கலாமா? ஆனால் வைரஸ் டிஸ்க்கை ஓயாமல் படிக்க வைத்தாலும் அதே விளக்கு அப்படித்தான் எரியும். அரைகுறையாகச் சொல்லி, கடைசியில் வைரஸாகவே இருந்துவிட்டால் அக்காவுக்குத்தான் இன்னும் கஷ்டம்.

கடையில், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் தெளிவாகிவிட்டது. பூஜ்யமாக இருக்க வேண்டிய கரண்ட் பெண்டிங் செக்டார், அதாவது சரியாகப் படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது. டிஸ்க் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை ஓட்டவில்லை, இந்த நிலையில் இருக்கும் டிஸ்க்கை அது இன்னும் படுத்தும். முதலில் டாலி கணக்கு சாப்ட்வேரின் டேட்டாவைக் காப்பி எடுத்தேன், அப்புறம் பழைய டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டேன். ஸ்கேன் செய்ததில் வைரஸ் எதுவும் வரவில்லை. முதலாளிக்குப் போன் செய்து, "பென் டிரைவால இல்ல சார், டிஸ்க்தான் போயிடுச்சு" என்றேன். "சரி சரி, எப்ப கிடைக்கும்?" என்றார்.

சிஸ்டத்தைத் திரும்ப மாட்டப் போனபோது அக்கா கேட்டார்: "சார்கிட்ட சொன்னீங்களா தம்பி?"

"போன்லயே சொல்லிட்டேன்க்கா."

"எல்லார் முன்னாடியும் கேட்டாரே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பழுது பார்ப்பதோடு என் வேலை முடிந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், சொல்லியும் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. இப்போதெல்லாம் பில்லிலேயே 'ஹார்ட் டிஸ்க் தேய்மானம், உபயோகித்தவர் தவறு இல்லை' என்று எழுதித் தருகிறேன். ஆனால் சோதிக்கும் முன் காரணம் கேட்டால் இன்றைக்கும் அதே பதிலைத்தான் சொல்வேன். கூடவே, "அதுவரைக்கும் யாரையும் குத்தம் சொல்லாதீங்க சார்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். வேலை கொடுக்கிறவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வருமா என்பதுதான் தெரியவில்லை.