ஆகஸ்ட் லீவுக்கு திருகோணமலை போறீங்களா? அலை இல்லாத பீச் பத்தி கொஞ்சம்

ஆகஸ்ட் லீவு வந்தா ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கமிருந்து வேன் புடிச்சு திருகோணமலை போறது இப்ப வழக்கமாயிருச்சு, கோணேசர் கோயில்ல கும்பிட்டு, கன்னியா வெந்நீர்க் கிணத்துல குளிச்சு முடிக்கிறதுக்குள்ள பிள்ளைங்க கடல் கடல்னு நச்சரிக்க ஆரம்பிச்சிரும், பெரியவங்களும் பயத்துல "அலை இல்லாத எடமா பாத்து போவோம்"னு துறைமுக வாய்ப்பக்கம் ஒதுங்கியிருக்குற சின்ன பீச்சுக்குத்தான் கூட்டிட்டுப் போவாங்க. கொட்டியாரக் குடாவுக்குள்ள விமானப்படை பாத்துக்கிற மார்பிள் பீச் அப்படி ஒண்ணு. தண்ணி அசையாம கெடக்கும், பாத்தாலே எறங்கத் தோணும்.

அந்த அமைதி எப்படி வருதுன்னு நம்மாளுங்க தெரிஞ்சுக்கணும். ஜூன், ஜூலைல நம்ம தோட்டத்துல மழையைக் கொட்டுற அதே தென்மேற்குக் காத்துதான் மலையைத் தாண்டி எறங்குறப்ப ஈரம் போயி, கச்சான் காத்தா கெழக்குக்கரைக்கு வருது. தரையிலருந்து கடலைப் பாத்து அடிக்கிறதால கரையோரம் அலை எழும்பாது, ஆனா மெதக்குற எதையும் அது வெளியதான் தள்ளும். டியூப்ல ஒக்காந்த பிள்ளை, நீங்க சோத்துப் பார்சலைப் பிரிச்சுட்டு நிமிர்றதுக்குள்ள கூப்பிட்டா கேக்காத தூரத்துக்குப் போயிரும்.

எறங்குறதுக்கு முன்ன ஒரு காஞ்ச எலையைத் தண்ணில போட்டுப் பாருங்க. வெளிய போகுதா, அன்னைக்கு டியூப், காத்துப் பந்து எல்லாம் வேன்லயே இருக்கட்டும். பந்து போனா போகட்டும், தயவுசெஞ்சு பின்னாடி நீந்தாதீங்க. டியூப்ல யாராச்சும் மாட்டிக்கிட்டா குதிக்காம அதையே கெட்டியா புடிச்சுக்கிட்டு கையைக் காட்டணும், கரையில இருக்குறவங்க ஒடனே படகுக்காரங்களைக் கூப்பிடணும்.

நம்ம பிள்ளைங்க பீலில, அதாவது மேலருந்து கொட்டுற தண்ணில, குளிச்சுப் பழகினதுங்க, நெஞ்சளவு தண்ணில நின்ன பழக்கமே நெறைய பேருக்குக் கெடையாது. திருகோணமலையோ உலகத்துலயே ஆழமான இயற்கைத் துறைமுகங்கள்ல ஒண்ணு, அந்தக் குடாவோட அடில பெரிய பள்ளத்தாக்கே ஓடுது. அதனால இடுப்பளவோட நில்லுங்க, பெரியவங்க ஒருத்தர் பிள்ளைங்களுக்கு வெளிப்பக்கமா, ஆழத்துப் பக்கம் நிக்கணும், கரையில நின்னு போன்ல வீடியோ எடுக்குறது காவல் இல்ல. படகு வர்ற பக்கம் போகவே வேணாம், ஓட்டுறவருக்குத் தண்ணிக்கு மேல தெரியுற தலை சட்டுனு கண்ணுல படாது. குடிச்சவங்களை எறங்க விடாதீங்க, சண்டை வந்தாலும் பரவால்ல.

டிசம்பர் லீவுன்னா கதையே வேற. அப்ப வாடைக்காத்து கடல்லருந்து குடாவுக்குள்ள அடிக்கும், இதே எடம் கலங்கிப் போயிருக்கும். அந்த மாசம் கடல் பாக்கணும்னா காலி, உனவட்டுன பக்கம் போங்க. எங்க போனாலும் போலீஸ் 119, ஆம்புலன்ஸ் 1990 ரெண்டு நம்பரையும் டிரைவர் அண்ணன் போன்லயும் போட்டு வைங்க.