பாலை மரமும் பல் வேரும்: வாய்மொழித் தேர்வுக்குப் படிக்கும் வன்னி மாணவர்களுக்கு

பல் மருத்துவ இறுதியாண்டின் பற்சீராக்கல் வாய்மொழித் தேர்வில், பற்களை இழுத்து நகர்த்தப் பிடிமானமாகத் தாடை எலும்பில் போடும் சிறு திருகாணியைப் பற்றி, என்னை நிறுத்திய கேள்வி இது: "திருகாணியைச் சரியாகப் போட்டுவிட்டீர்கள், வேரில் படவில்லை. இனி வேருக்கு ஆபத்தில்லையா?" ஆபத்தில்லை என்றேன். தவறு.

அதுவரை எல்லாம் சொல்லியிருந்தேன். மேல் இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லுக்கும் முதலாம் கடைவாய்ப்பல்லுக்கும் இடையே வேர்கள் விலகியிருக்கும். பலர் தேர்ந்தெடுக்கும் இடம் அது. திருகாணி சுமார் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு; இருபுறமும் எலும்பு மிஞ்ச வேண்டும். விறைப்பு ஊசியை முரசு (ஈறு) மட்டும் மரக்கும் அளவுக்கே போட வேண்டும். அப்போதுதான் வேரை நெருங்கும்போது நோயாளிக்கு வலிக்கும், நமக்குத் தெரியும். திருகும்போது திடீரென இறுகினால் அழுத்தக் கூடாது. கழற்றி, எக்ஸ்றே பார்த்து, வேறிடம் தேட வேண்டும். வேரின் மேற்பரப்பில் மட்டும் பட்ட காயத்தை, திருகாணியை எடுத்த பின் உடலே, வேரைப் போர்த்தியிருக்கும் சீமெந்து என்ற திசுவின் புதிய படையால் பெரும்பாலும் மூடிவிடும். பல்லின் உள்ளே நரம்பு இருக்கும் பற்கூழ் வரை காயம் போய்விட்டால் அப்படி நம்பியிருக்க முடியாது. வேர்ச் சிகிச்சை தேவைப்படலாம்.

அன்று மாலை ஒட்டுசுட்டான் வயல்தான் நினைவுக்கு வந்தது. மாரியில் புதைந்த உழவு இயந்திரத்தை மரத்தில் செயின் புளொக் மாட்டி இழுப்பார்கள். வேலிக் கதியாலில் மாட்டினால் கதியால்தான் பிடுங்கிக்கொண்டு வரும். பாலை மரத்தில் மாட்டினால் இயந்திரம் வரும். பல்லைப் பல்லால் இழுத்தால் இரண்டும் நகரும் என்பதால்தான் எலும்பில் திருகாணி போடுகிறோம். ஆனால் நிறுத்தாமல் இழுத்தால் இயந்திரம் மரத்திலேயே வந்து மோதும் அல்லவா? சிறுவயதிலிருந்து பார்த்ததை அந்த மேசையில் மறந்துவிட்டேன்.

மேல் வரிசை முழுவதையும் பின்னோக்கி நகர்த்தும்போது முன்கடைவாய்ப்பல்லின் வேர் திருகாணியை நோக்கியே வருகிறது. போதாததற்கு, இழுவையில் திருகாணியும் சற்றுச் சாயலாம். வேர் வந்து முட்டினால் அங்கே வேர் அரிபட்டுக் கரையத் தொடங்கும், திருகாணியும் தளரலாம். ஆகவே இடையிடையே எக்ஸ்றே எடுத்து, வேர் நெருங்கினால் திருகாணியை இடம் மாற்ற வேண்டும்.

தமிழில் உயர்தரம் படித்து ஆங்கிலத்தில் பல் மருத்துவம் படிக்கும் தம்பி தங்கையரே, பாதுகாப்பான இடங்களின் அட்டவணையை மனனம் செய்யும் முன், இந்த இழுவையை வீட்டில் அம்மாவுக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். "பிறகு என்ன நடக்கும்?" என்று அம்மா கேட்பார். தேர்வாளரும் அதைத்தான் கேட்டார்.